நூற்று நாற்பத்தாறு தப்படி

"இப்ப எண்ணுங்கய்யா" என்றாள் மருதாயி.

இடுப்பில் நிறைகுடம். பித்தளைக் குடம், விளிம்பில் ஒரு நசுங்கல். குழாயடியிலிருந்து அவள் திரும்பிய வேகத்தில் தண்ணீர் தளும்பி என் செருப்பை நனைத்தது. திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், சாக்குக்காரத் தெருவின் முனை. காலை ஆறரை மணி இருக்கும். வாழைத்தார் இறக்கிய லாரிகளிலிருந்து சொட்டிய பால் மண்ணில் கறுத்துக் கிடந்தது. ஈரச் சாக்கு நாற்றம்.

என் கையில் ஒரு நோட்டு, காதில் ஒரு பென்சில். அந்தக் குழாயிலிருந்து கிடங்கு வரிசை வீடுகள் வரை நான் அப்போதுதான் நடந்து எண்ணி முடித்திருந்தேன். திரும்பி வரும்போது சரிபார்த்தும் ஆயிற்று. இரண்டு முறையும் நூற்று நாற்பத்தாறு தப்படி.

"எண்ணியாச்சும்மா. இன்னொரு தடவை எதுக்கு?"

"நீங்க எண்ணுனது ஒங்க காலை. வெறும் நோட்டைப் புடிச்சுக்கிட்டு நடந்த காலு. தண்ணி அப்படியா எங்க வூட்டுக்கு வருது?"

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "மருதாயி, சார் இடுப்புலயே ஒரு கொடத்தை ஏத்திவிடு. அப்பத்தான் சர்க்காருக்கு வெளங்கும்."

"ஒம் பொண்டாட்டி தூக்கியாந்த தண்ணியில மூஞ்சி கழுவிட்டு வந்துதானே குந்தியிருக்க? டீ ஆறுது, குடி" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

பெஞ்சு சிரித்தது. நானும் சிரித்தேன். குடத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குப் பின்னால் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

அவளும் எண்ணினாள். வலது கை குடத்தின் கழுத்தைச் சுற்றியிருந்தது. தொங்கிய இடது கையில், இருபது தப்படிக்கு ஒரு விரல் மடங்கியது. ஐந்து விரலும் மடங்கியபின் ஒவ்வொன்றாக விரிந்தன. கிடங்கு வரிசையின் முதல் வாசலில் அவள் நின்றபோது பதின்மூன்று இருபதுகள் முடிந்து மேலே இரண்டு.

"இருநூத்தி அறுபத்திரண்டு" என்றாள். என் கணக்கும் அதுவேதான்.

"போறப்ப வெறுங்கொடம், நூத்தித் தொண்ணூறு. வர்றப்ப இது. ரெண்டையும் எழுதிக்கங்க."

"இதை எழுத படிவத்துல எடம் இல்லம்மா."

"எடம் இல்லாட்டி ஓரத்துல எழுதுங்க."

நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 262, நிறைகுடம். அந்தக் காலையில் நான் செய்தவற்றில் வெட்கப்படத் தேவையில்லாத ஒரே காரியம் அது.

வாசகர் ஒருவர் எழுதுகிறார்

வாராவாரம் நான் எழுதிவரும் இந்த நினைவுத் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகர் சென்ற வாரம் கடிதம் போட்டிருந்தார். "உங்கள் காலத்து அலுவலர்கள் நெருப்பு மாதிரி. இன்றைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார். கூடவே எனக்கு வணக்கமும் சொல்லியிருந்தார்.

அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள்ளேயே வெகுநேரம் நடந்தேன். கோபம். அவர்மேல் இல்லை. "எங்கள் காலம்" என்று சொல்லிச் சொல்லி நாங்களே கட்டிவைத்த இந்தப் பொய்க் கோயில்மேல். அதற்கு நானும் செங்கல் சுமந்திருக்கிறேன். இத்தனை வாரங்களாக இந்தப் பக்கங்களில் என் நேர்மையைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் அவர் நம்பியிருக்கிறார். அதில் பொய் இல்லை. ஆனால் எதை எழுதாமல் தாண்டி வந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

தாண்டி வந்தது இந்த நூற்று நாற்பத்தாறு தப்படியைத்தான்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஊருக்குக் குழாய் போடுகிற ஓர் அலுவலகம், அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் பழி அந்தக் கட்டடத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டடம் தப்படி வைக்கவில்லை.

ஹவில்தாரின் குச்சி

என் தப்படிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சொன்னால்தான் என் குற்றத்தின் அளவு தெரியும்.

முசிறிப் பக்கத்திலிருந்து திருச்சிக்கு வந்து கல்லூரியில் கணிதம் படித்தவன் நான். கல்லூரியில் அணிவகுப்புப் பயிற்சி உண்டு. யுத்தத்திலிருந்து திரும்பிய ஒரு ஹவில்தார்தான் பயிற்சியாளர். அவரிடம் ஒரு மரக்கருவி இருந்தது. கவராயம் போல இரண்டு கால்கள், ஆள் இடுப்பு உயரம். அதன் கால்களை முப்பது அங்குலத்துக்கு விரித்துப் பூட்டி, எங்களுக்குப் பக்கத்திலேயே தரையில் சுழற்றிக்கொண்டு நடப்பார். எவன் கால் அந்த முனையை எட்டாமல் விழுந்ததோ, எவன் கால் தாண்டி விழுந்ததோ, அவன் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும்.

"முப்பது இஞ்சு. இருபத்தொம்பது கெடையாது, முப்பத்தொண்ணு கெடையாது. இனிமே இது ஒன் காலு இல்ல, தம்பி. அளவுகோலு" என்பார்.

நான் இரண்டு வருஷம் அளவுகோலாக இருந்தேன். நிமிஷத்துக்கு நூற்றிருபது தப்படி, தப்படிக்கு இரண்டரை அடி. மைலுக்கு இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. பதினேழரை நிமிஷம். கடிகாரமோ மைல்கல்லோ எனக்கு வேண்டியதில்லை.

வேலை கிடைத்து ஸ்ரீரங்கத்தில் குடியேறியபின் தினமும் காவிரிப் பாலத்தை நடந்தே கடப்பேன். அந்தப் பழைய பாலம் என் காலுக்கு எழுநூற்றுச் சொச்சம். காற்றில் இரண்டு மூன்று கூடும், குறையும். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா மணல் தெரிகிறதா என்றுகூடச் சில நாள் பார்த்திருக்க மாட்டேன். எண்ணிக்கொண்டிருப்பேன். அலுவலகத்தில் எனக்கு "நடைடேப்பு" என்று பெயர். அதில் எனக்குப் பெருமை வேறு.

கல்யாணமான புதிதில் ஒருமுறை நானும் என் மனைவி கமலாவும் சமயபுரத்துக்கு நடந்து போனோம். வழியில் மோர் விற்றவனிடம் அவள், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். "இதோ வந்துருச்சு தாயி, ஒரு வெத்தலை போட்டு முடிக்கிற தூரம்" என்றான். அவள் கொஞ்ச தூரம் உற்சாகமாக நடந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "தப்பு. இன்னும் ஒண்ணே முக்கால் மைல் இருக்கு" என்றேன்.

கமலா சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "அவன் பொய் சொன்னான், காலு நடந்துச்சு. நீங்க நெசத்தைச் சொன்னீங்க, உக்காந்துட்டேன்" என்றாள்.

இதை வேடிக்கையாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் நான்தான் உண்மை விளம்பி. மோர்க்காரன் பொய்யன். அவன் சொன்ன பொய்யால் ஒரு பெண் இன்னும் கொஞ்ச தூரம் களைப்பில்லாமல் நடந்தாள். நான் சொன்ன பொய்யால் ஒரு பெண் எவ்வளவு தூரம் நடந்தாள் என்பதுதான் இந்த வாரக் கதை.

முன்னூறு அடி

அந்த வருஷம் அந்தப் பகுதிக்கு ஒரே ஒரு புதுத் தெருக்குழாய் ஒதுக்கியிருந்தார்கள். விதி இதுதான்: எந்த வீட்டு வரிசை ஏற்கெனவே இருக்கிற குழாயிலிருந்து முன்னூறு அடிக்கு மேல் தள்ளி இருக்கிறதோ, புதுக்குழாய் அந்த வரிசைக்கு. அப்படி எந்த வரிசையும் இல்லாவிட்டால், ஓவர்சியருக்குச் சரி என்று படுகிற இடத்துக்கு.

கிடங்கு வரிசை என்பது ஒரு பழைய உப்புக் கிடங்கின் பின்சுவரை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு வீடுகள். எல்லாரும் மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்கள். மருதாயிக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். விடியுமுன் முதல் லாரி வந்துவிடும். அதை இறக்கிவிட்டு ஆறு மணிக்குத் தண்ணீருக்கு ஓடி வருவாள். ஏழு மணிக்கு இரண்டாம் லாரி. அதற்கு நேரத்தில் வந்து நிற்கிறவளுக்குத்தான் கூடை.

சுமைக்காரர்கள் எல்லாரும் தப்படி எண்ணுவார்களாம். தலையில் பாரத்தோடு எவ்வளவு தூரம் மூச்சுத் தாங்கும் என்று தெரியாமல் கூடையை ஏற்ற முடியாது. மூட்டைக்கு ஒரு தப்படி, கூடைக்கு ஒன்று, தாருக்கு ஒன்று. ஹவில்தார் எனக்கு ஒரு தப்படிதான் கற்றுக்கொடுத்தார். அவளிடம் ஐந்தாறு இருந்தன.

அவள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டுக் குடம் வேண்டும். மற்ற வீடுகளுக்கு நாலைந்து போதும். அவள் கணவன் பழனியாண்டி லாரியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தான். நான் அளக்கப் போன அன்று கதவு திறந்திருந்தது. கோரைப்பாயும், அதன்மேல் ஒரு போர்வையும், போர்வைக்கு வெளியே அசையாத இரண்டு பாதங்களும் தெரிந்தன.

"அவரைக் காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி கழுவி விடணுமய்யா. இல்லாட்டிப் புண்ணு வச்சிரும். அதுக்கே அஞ்சு கொடம். ஒரு கொடத்துக்குப் போயிட்டு வர அஞ்சு நிமிசம். நடைக்கே முக்கால் மணி போயிருது. அப்புறம் குழாயடிச் சண்டை. ரெண்டாம் லாரி எனக்கு எங்கேருந்து? குழா வாசல்ல வந்துச்சுன்னா லாரியும் புடிப்பேன், அவரையும் பாத்துக்குவேன்."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். என் கையில் நோட்டு இருந்தது. நூற்று நாற்பத்தாறை இரண்டரையால் பெருக்கினால் முன்னூற்று அறுபத்தைந்து. விதி அவள் பக்கம். நான் நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

"ரெண்டு போடு"

எங்கள் ஓவர்சியர் பெயர் சபாபதி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரையும் அதட்ட மாட்டார். யாரையும் மிரட்டாமலே எப்படிக் காரியம் நடக்கிறது என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

அலுவலகத்து டேப் அறுந்து, ஒட்டுப்போட்டு, ஒட்டிய இடத்தில் மூன்று அடி காணாமல் போயிருந்த காலம். அதனால் சின்ன அளவுகளுக்கு நடைக்கணக்கே போதும் என்று விட்டிருந்தார்கள். படிவத்தில் மூன்றே கட்டங்கள்: எத்தனை தப்படி, தப்படியின் நீளம், தூரம்.

"எவ்வளவு வந்துச்சு ராமலிங்கம்?" என்றார் சபாபதி.

"நூத்தி நாப்பத்தாறு சார். முன்னூத்தி அறுபத்தஞ்சு அடி."

அவர் தலையைத் தூக்கவில்லை. கோப்பின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "முன்னூறுக்குள்ள வந்தா நல்லா இருக்கும். மண்டி வையாபுரி ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்காரு."

வையாபுரி வாழைக்காய் மண்டிக்காரர். அவருடைய மண்டி, பழைய குழாயிலிருந்து கிடங்கு வரிசைக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. தார் கழுவவும் லாரி கழுவவும் அவருக்கு வாசலில் ஒரு குழாய் வேண்டும்.

"வரலியே சார்" என்றேன்.

"வராதுதான். நீ பரேடு மாதிரி நடந்திருப்ப. அது ஜனங்க நெருக்குற தெரு. சாதாரண மனுஷன் தப்படி அங்க எத்தனை அடி விழும்? ரெண்டு. ரெண்டு போடு. தப்படியை மாத்துன்னு நான் சொல்லலியே."

தப்படியை மாற்று என்று அவர் சொல்லவில்லை. எண்ணிக்கையைத் தொடாதே, அது உன் மானம். பெருக்குகிற எண்ணைத் தொடு, அது யாருடையதும் இல்லை. நூற்று நாற்பத்தாறை இரண்டால் பெருக்கினால் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. முன்னூறுக்கு எட்டு அடி உள்ளே.

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். மையை ஒற்றியெடுத்தேன்.

நான் அப்போது வேலையில் நிரந்தரமாகாதவன் என்று இந்த இடத்தில் எழுதலாம். புதுக் குடித்தனம் என்று எழுதலாம். உண்மைதான், ஆனால் அதெல்லாம் காரணமே இல்லை. சபாபதி படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பொழைக்கத் தெரிஞ்ச புள்ள" என்றார். எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. அந்தச் சொல்லுக்காகத்தான் செய்தேன். ஒரு பாராட்டுக்காக. காசுக்குச் செய்திருந்தால் அந்தக் காசையாவது எங்காவது கொண்டுபோய்க் கொட்டியிருக்கலாம்.

பொழைக்கத் தெரிந்தவன் என்று ஒருவனைச் சொல்லும்போது, அவன் பிழைப்பதற்காக யார் என்ன சுமக்கிறார்கள் என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. இன்றும் கேட்பதில்லை. பெண் கொடுக்கும்போதுகூட இதை ஒரு தகுதியாகச் சொல்கிறார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதைக் கமலாவிடம் ஒரு சாமர்த்தியமாகவே சொன்னேன். ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை வீடு. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஒங்க தப்படி ரெண்டரை அடிதானே?" என்றாள்.

"ஆமா. ஆனா நெரிசல்ல ரெண்டுதான் விழும்னு..."

"என்னோட நடக்கிறப்ப ஒரு நாளாச்சும் ரெண்டு அடி வச்சிருக்கீங்களா? கல்யாணம் ஆனதுலேருந்து பின்னாலேயே ஓடி வரேன். கொஞ்சம் மெதுவாப் போங்கன்னா, என் காலு அப்படித்தான், மாத்த முடியாதுன்னீங்க. மண்டிக்காரருக்குன்னா மாறிடுச்சா?"

அவள் களைந்த நீரைக் கொண்டுபோய்க் கொல்லையில் ஊற்றினாள். மறுபடி அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

அவள் எனக்குச் சொன்ன ஆறுதல்

இரண்டு மாதத்தில் வையாபுரி மண்டி வாசலில் குழாய் வந்தது. அதற்கு ஒரு சிமெண்டு மேடையும் வந்தது.

அடுத்த வாரம் மருதாயி அலுவலகத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. மாடிப்படியின் கீழ், சும்மாட்டுத் துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே போகும்போது, "அய்யா" என்றாள்.

ஒளிந்துகொள்ள இடமில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நூத்தி நாப்பத்தாறுன்னுதானே எழுதுனீங்க?"

"எழுதினேன்" என்றேன்.

அது உண்மை. அதைவிடக் கேவலமான உண்மை ஒன்றை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அவள் முகம் தெளிந்தது. "எனக்குத் தெரியும். அவளுக எல்லாம் ஒங்களைத்தான் திட்டுனாளுக. இல்லடி, அந்தப் புள்ள ரெண்டு வாட்டி நடந்து எண்ணுச்சு, எம் பின்னாடியும் வந்து எண்ணுச்சு, ஓரத்துலகூட எழுதுச்சுன்னேன். மேல ஒக்காந்திருக்கிறவனுகதான் மாத்திட்டானுக. நீங்க என்ன செய்வீங்க? இதுக்குப் போயி மனசைப் போட்டு ஒளப்பிக்காதீங்க."

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அவள் மார்க்கெட் பக்கம் நடந்தாள்.

அதன்பின் மார்க்கெட்டில் எதிர்ப்படும்போதெல்லாம், தலையில் கூடையிருந்தால் கையெடுக்க முடியாது என்பதால், கண்ணை ஒருமுறை மூடித் திறந்து வணக்கம் சொல்வாள். கூட இருப்பவர்களிடம், "நாயமா அளந்தவரு" என்பாள். நான் மார்க்கெட்டுக்கு வேறு வழியாகப் போகத் தொடங்கினேன். அது நூற்றிருபது தப்படி சுற்று. என் பொய்க்காக நான் நடந்த கூடுதல் தூரம் அவ்வளவுதான்.

மீட்டர்

சில வருஷங்களில் அடியும் மைலும் போய் மீட்டர் வந்தது. அந்தப் பகுதிக் கோப்புகளை எல்லாம் மீட்டருக்கு மாற்றி எழுதும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். கணிதம் படித்தவன் அல்லவா.

முன்னூறு அடி என்ற விதி தொண்ணூறு மீட்டர் ஆயிற்று. ஒரு மத்தியான வேளையில் கிடங்கு வரிசையின் தாள் கைக்கு வந்தது. என் கையெழுத்து. 146. 2. 292.

சபாபதி அப்போது ஓய்வு பெற்றுப் போயிருந்தார். வையாபுரிக்குக் குழாய் வந்து வெகுநாளாயிற்று. நானும் நிரந்தரமாகிவிட்டேன். அலுவலகத்தில் புது டேப் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. சைக்கிளில் போனால் பத்து நிமிஷம். மறுபடி அளந்து, பழைய கணக்கு தவறு என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால், தவறு யாருடையது என்று மேலே ஒருவர் கேட்பார்.

பெருக்கினேன். எண்பத்தொன்பது மீட்டர் வந்தது. அப்போதும் ஒரு மீட்டர் உள்ளே.

முதல் பொய்யாவது ஒருவர் சொல்லிக் கேட்டு எழுதியது. இது முழுக்க முழுக்க என்னுடையது. பொய்யை ஒரு அளவையிலிருந்து இன்னொரு அளவைக்கு, தசமப் புள்ளி பிசகாமல் மாற்றிவைத்தேன்.

அந்தத் தாள் இன்று எந்தக் கட்டடத்தின் எந்த மூலையில் மக்கிக்கொண்டிருக்கிறதோ தெரியாது. அதனால் திருத்தத்தை இங்கே எழுதுகிறேன். தப்படி 146. தப்படியின் நீளம் இரண்டரை அடி. தூரம் 365 அடி, அல்லது 111 மீட்டர். அளந்தவன் நான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தூக்கம் வராத ஒரு வயதில் போட்டது. போக 365 அடி, வர 365 அடி. ஒரு நாளைக்கு எட்டு நடை. மைலுக்கு மேல் வருகிறது. வருஷத்துக்கு நானூறு மைல். திருச்சியிலிருந்து மெட்ராஸுக்கு நடந்து போய், நடந்து திரும்புகிற தூரம். ஒவ்வொரு வருஷமும். திரும்புகிற வழியெல்லாம் இடுப்பில் நிறைகுடத்தோடு.

முன்னூறு அடி என்று விதி எழுதியவர்களும் நடந்து பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். கையை வீசிக்கொண்டு.

இரண்டு குடம்

அறுபதுகளின் பிற்பகுதியில், சபாபதி உட்கார்ந்த நாற்காலிக்கு நான் வந்தேன். வந்த முதல் மாதமே புது டேப்போடு ஆள் அனுப்பிச் சாக்குக்காரத் தெருவை அளக்கச் சொன்னேன். ஹவில்தார் வாழ்க, மீட்டரை அடியாக்கிப் பார்த்தால் முன்னூற்று அறுபத்து நாலரை வந்தது. கிடங்கு வரிசைக்குக் குழாய் மஞ்சூர் ஆயிற்று.

அதை மருதாயியிடம் நானே சொல்ல வேண்டும் என்று காலையில் போனேன். அதே குழாயடி. டீக்கடைக்கு மட்டும் ஓடு மாறியிருந்தது. அவள் குனிந்து குடத்தை வைத்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு கணம்தான் ஆனது.

"அடுத்த மாசம் ஒங்க வாசலுக்குக் குழாய் வருதும்மா. டேப்பு வச்சே அளந்தாச்சு. முன்னூறுக்கு மேலதான் இருக்கு."

அவள் நிமிர்ந்தாள். குழாயடியில் நின்ற பெண்களைப் பார்த்து, "பாத்தீங்களாடி? இவரு அன்னிக்கே சரியாத்தான் அளந்தாரு. நான் சொன்னேனா இல்லியா?" என்றாள்.

அதைக் கேட்டுக்கொண்டு அங்கிருந்து போயிருக்கலாம். குழாய் வந்துவிடும். என் பெயரும் நிற்கும். ஆனால் அவள் எனக்காக இத்தனை வருஷம் வழக்காடியிருக்கிறாள் என்பது அந்தப் பெண்களின் முகத்தில் தெரிந்தது. என்னால் முடியவில்லை.

"நான் சரியா எழுதலம்மா" என்றேன். "தப்படி நூத்தி நாப்பத்தாறுன்னு எழுதினேன். ஆனா ஒரு தப்படி ரெண்டு அடின்னு கணக்குப் போட்டேன். என் தப்படி ரெண்டரை. தெரிஞ்சேதான் போட்டேன். மேல யாரும் எதையும் மாத்தல."

அவள் இடது கை விரல்கள் மெல்ல மடங்கின. மனசுக்குள் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

"ரெண்டரை போட்டிருந்தா?"

"குழாய் அப்பவே ஒங்க வாசலுக்கு வந்திருக்கும்."

குடம் நிறைந்து வழியத் தொடங்கியது. யாரும் குழாயை மூடவில்லை. தண்ணீர் எங்கள் இருவர் காலுக்கும் இடையே ஓடியது.

"அவரு போயி ஒன்றரை வருசமாச்சு" என்றாள். "இப்ப எனக்கு ரெண்டு கொடம் போதும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"புண்ணு வச்சுத்தான் போனாரு. ஓடி ஓடிப் பாத்தேன், ஆவல. அப்பக்கூட எவனையும் திட்டல நான். ஆபீசுல ஒருத்தனாச்சும் நம்மளை ஒழுங்கா அளந்தான், அது போதும்னு நெனச்சுக்கிட்டு நடந்தேன். சொல்லாமயே இருந்திருக்கலாமேய்யா. அதையும் எடுத்துக்கிட்டுப் போறீங்களே."

அவள் குரல் உயரவில்லை. அடுத்து நின்ற பெண்தான் குழாயை மூடினாள். மருதாயி குனிந்து குடத்தின் கழுத்தைப் பிடித்தபோது நான் அவசரமாகக் கையை நீட்டினேன்.

"குடுங்கம்மா, நான் கொண்டாந்து வைக்கிறேன்."

"வேணாம்" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நீங்க எண்ணுங்க. அது ஒண்ணுதான் ஒங்களுக்குச் சரியா வரும்."

நடந்தாள். நான் பின்னால் போகவில்லை. குழாயடியிலேயே நின்று, தெருக்கோடியில் அவள் வாசல் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை சும்மா தொங்கியது. விரல் மடங்கவில்லை. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

முன்னூற்று நான்கு தப்படி.